டைகர் டாங்கிக்கு அச்சுப் பாகங்கள்: ஃபிலமென்டா, ரெசினா, உலோகமா?

1/16 அளவு ரிமோட் டாங்கியில் கைவைக்க நினைப்பவர்கள் பலர் ஹெங் லாங் என்ற பொம்மை நிறுவனத்தின் டைகர் 1-இல்தான் (இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி) தொடங்குகிறார்கள். கழற்றி மாட்ட எளிது, உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. கையில் இருப்பது தொடக்ககால டைகர், அதை 1944-இல் வந்த பிற்கால டைகராக மாற்றப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முக்கியமாக மாறுவது சக்கரங்களும் டரட்டின் (பீரங்கி இருக்கும் சுழல் கோபுரம்) மேலுள்ள கமாண்டர் கூண்டும். அதற்கான பாகங்களை 3டி பிரின்டரில் அச்சிடலாம்: பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் ஃபிலமென்ட் பிரின்டரில் எடுக்கலாம், திரவப் பிசினை ஒளியால் இறுக்கும் ரெசின் பிரின்டரில் எடுக்கலாம். இல்லையென்றால் உலோகத்தில் கடையில் வாங்கலாம். எது உசத்தி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அந்தப் பாகம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்த்தால் உடனே கிடைத்துவிடும்.

முதலில் சக்கரம். தொடக்ககால டைகரில் பக்கத்துக்கு 24 ரப்பர் விளிம்புச் சக்கரங்கள். 1944 தொடக்கத்தில் எஃகு விளிம்புச் சக்கரம் வந்தபோது அது 16 ஆகக் குறைந்தது. அசல் விட்டம் 800 மி.மீ., நமக்கு 50 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 32 சக்கரம் அச்சிட வேண்டும். இதை நான் தயங்காமல் ஃபிலமென்டுக்குத் தருவேன். சக்கரம் கல்லில் மோதும், பக்கவாட்டில் இடிபடும். சாதாரண ரெசின் அந்த அடியில் விளிம்பு தெறித்துவிடும். பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் ஃபிலமென்ட் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். தட்டையாகப் படுக்க வைத்து அச்சிட்டால் அடுக்குக் கோடுகளும் அவ்வளவாக உறுத்தாது. ஒரு எச்சரிக்கை: ஃபிலமென்டில் அச்சுத்தண்டு செருகும் துளை எப்போதும் வரைந்ததைவிடச் சிறிதாகவே வரும். வரைபடத்திலேயே 0.2 மி.மீ. கூட்டி வைத்து, ஒரே ஒரு சக்கரத்தை அச்சிட்டு மாட்டிப் பாருங்கள். அது தடையில்லாமல் சுற்றினால் மட்டும் மீதி 31-க்குப் போங்கள்.

கமாண்டர் கூண்டு அப்படியே நேரெதிர். 1943 ஜூலைக்குப் பிறகு வந்த வார்ப்புக் கூண்டில் சுற்றிலும் பெரிஸ்கோப் மூடிகள், மேலே நுணுக்கமான கீல்கள். அசலில் 20 மி.மீ. இருக்கும் ஒரு போல்ட் தலை நம் அளவில் 1.25 மி.மீ. தான். 0.4 மி.மீ. நாசில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) உள்ள ஃபிலமென்ட் பிரின்டர் அதை ஒரு உருண்டைப் பொட்டாகத்தான் வைக்கும். 0.05 மி.மீ. அடுக்கில் ஓடும் ரெசின் பிரின்டரில் ஆறு முனையும் தெரியும். கூண்டின் மேல் எந்தப் பாரமும் இல்லை, ஆகவே ரெசினின் பலவீனம் இங்கே பிரச்சினையே இல்லை. அப்புறம் இன்னொரு வசதி: ரெசினில் நேரம் உயரத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. கூண்டோடு சேர்த்து ஹெட்லைட், கோடரி, மண்வெட்டி, கேபிள் பிடிகள் எல்லாவற்றையும் தட்டு நிறைய அடுக்கினாலும் அதே நேரம்தான். ஆனால் இழுவைக் கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ரெசினில் வைக்காதீர்கள், முதல் மோதலில் போய்விடும்.

பீரங்கிக் குழல் உலோகத்திலேயே இருக்கட்டும். 88 மி.மீ. குழலின் நீளம் 56 காலிபர், அதாவது குழல் விட்டத்தைப் போல 56 மடங்கு, நமக்கு 308 மி.மீ. அவ்வளவு நீளத்தை ரெசினில் எடுத்தால் நாளடைவில் தன் எடையிலேயே தொங்கும். ஃபிலமென்டில் எடுத்தால் உப்புத்தாள் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். கடைசல் போட்ட அலுமினியக் குழல் நேராக இருக்கும், வேலையும் இல்லை.

ஆசை அதிகம் இழுப்பது டிராக் பக்கம், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. இங்கேதான் நான் கறாராக இருப்பேன்: ஓட்டும் டாங்கிக்கு அச்சிட்ட டிராக் வேண்டாம். அசல் டைகரில் பக்கத்துக்கு 96 கண்ணிகள், ஒவ்வொன்றும் 130 மி.மீ. இடைவெளி. நம் அளவில் அது 8 மி.மீ. சொச்சம். அதே எண்ணிக்கையில் கண்ணிகள் அச்சிட்டு ஓட்டினால் அவற்றை இணைக்கும் ஊசிகள் போகும் துளைகள் தேயும். துளைக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலே 96 கண்ணிக்கு 9.6 மி.மீ., அதாவது ஒரு முழுக் கண்ணிக்கு மேல் டிராக் நீண்டுவிடும். தொய்ந்த டிராக் திரும்பும்போது அதை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை விட்டுக் கழன்று விழும். மோட்டாரின் முழு இழுப்பையும் வாங்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இதே தீர்ப்புதான். உலோக டிராக், உலோக ஸ்பிராக்கெட், இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஆனால் டரட்டின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் உதிரிக் கண்ணிகளைத் தாராளமாக அச்சிடலாம். அவை ஓடப் போவதில்லை.

டிராக்கை இறுக்கிப் பிடிக்கும் ஐடலர் சக்கரத்தின் தாங்கியைப் புதிதாக வடிவமைக்கிறவர்கள் அதை நிமிர்த்தி வைத்து அச்சிட வேண்டாம். டிராக் இழுக்கும் இழுப்பில் அடுக்குகள் பிரிந்து, வெட்டியது போல ஒடியும். படுக்க வைத்து அச்சிட்டால் இழைகள் நீளவாக்கில் ஓடி இழுப்பைத் தாங்கும். திருகு போகும் இடத்தில் பித்தளை இன்சர்ட்டை (உள்ளே மரை உள்ள சிறு வளையம்) சால்டரிங் அயர்னால் சூடாக்கி இறக்கிவிடுங்கள். பிளாஸ்டிக்கிலேயே மரை போட்டால் சில தடவை கழற்றி மாட்டுவதற்குள் மரை போய்விடும்.

ஃபிலமென்டிலேயே எதை எடுப்பது? பிஎல்ஏ (PLA) என்ற பிளாஸ்டிக் அச்சிடச் சுலபம், ஆனால் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். நம்மூர் வெயிலில் பூட்டிய காருக்குள் டாங்கியை விட்டால் ஃபெண்டர் நெளிந்து கிடக்கும். டாங்கியில் புகை விடும் யூனிட் பின்பக்கம் சூடாவதால் எக்ஸாஸ்ட் மூடிக்கும் அது ஆகாது. பெட்ஜி 80 டிகிரி வரை தாங்கும், பெரும்பாலான பாகங்களுக்குப் போதும். ஏபிஎஸ் (ABS) பிளாஸ்டிக் இன்னும் தாங்கும், ஆனால் அதற்கு மூடிய பெட்டி வேண்டும், வாடையும் உண்டு.

பிற்கால டைகர் என்றால் பலருக்கும் ஸிம்மெரிட் பூச்சு (காந்த வெடிகள் ஒட்டாமலிருக்க டாங்கியில் பூசிய வரிவரியான பசை) நினைவுக்கு வரும். 1944 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள், அதற்கு முன் வந்த வண்டி என்றால் வேண்டும். அச்சிட்ட தகடுகளை ஒட்டினால் விளிம்பில் இணைப்பு தெரியும். எபாக்ஸி புட்டியைத் தடவி, ஈரம் இருக்கும்போதே சீப்பு போன்ற கருவியால் கோடு இழுப்பது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு பிரின்டர்தான் வாங்க முடியும் என்றால் ஃபிலமென்ட் பிரின்டரையே வாங்குங்கள். ரெசினுக்குக் கையுறை, காற்றோட்டமான அறை, கழுவ ஐசோபுரோபைல் ஆல்கஹால், இறுக்க யூவி விளக்கு என்று ஒரு தனி மேசையே போய்விடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கஷ்டம். டைகருக்கு ரெசின் தேவைப்படுவது கூண்டும் கைப்பிடி அளவு கருவிகளும்தான். ஃபைலைக் கொடுத்து வெளியே அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம்.