பிஸ்டன் போச்சு என்றார்கள், போனது வேறு

குமரி மாவட்டத்து நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை பக்கம் வள்ளத்தின் (சிறு படகு) பின்னால் அவுட்போர்டு என்ஜின் மாட்டி மீன்பிடித் தொழில் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தேவையில்லாத என்ஜின் ரிப்பேரில் எனக்கு 18,500 ரூபாயும் பதினொரு நாள் தொழிலும் போய்விட்டது. அதுவும் ஜூன் மாதத்தில். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வள்ளத்து மீனுக்கு நல்ல விலை கிடைப்பதே அப்போதுதான்.

என்னுடையது 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் என்ஜின். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரையில் நன்றாக ஓடும், மெதுவாகப் போனாலும் தொந்தரவு இல்லை. நாலு பேரும் வலையும் ஏறி முழு வேகம் கொடுத்தால் மட்டும் ஐந்து நிமிடத்தில் சத்தம் இறங்கி இழுவை செத்துப்போகும். வேகத்தைக் குறைத்தால் மறுபடி உயிர் வரும். அலை உடைகிற இடத்தில் இப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு வள்ளம் அரை மணி நேரம் தாமதமானாலே என் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைக்கவில்லை. ஓடும்போது மண்ணெண்ணெய் எப்படி வருகிறது என்றும் பார்க்கவில்லை. "பிஸ்டனும் ரிங்கும் போயி அண்ணா, மாற்றியே தீரணும்" என்றார்கள். நம்பி விட்டுவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து, தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பழைய பிஸ்டனைக் கேட்டதற்கு ஆக்கர்க்காரனுக்கு (பழைய இரும்பு வாங்குகிறவர்) போட்டாச்சு என்றார்கள்.

மறுநாளே கடலில் அதே கோளாறு. திரும்பப் போனால், இப்போது பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில் போயிருக்கிறது, இன்னும் 6,000 ஆகும் என்கிறார்கள். எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. என்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு அண்ணன் பழைய மெக்கானிக், இப்போது பட்டறை வைத்திருக்கவில்லை. அவர் கரையில் வைத்து எதையும் கழற்றவே இல்லை. "பாரம் ஏறினாத்தானே நிக்குது? பாரத்தோடயே பாக்கணும்" என்று வள்ளத்தில் ஏறிவிட்டார். முழு வேகத்தில் போகும்போது, டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவில் கையால் அமுக்குவோமே அந்த ரப்பர் பந்து, அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சப்பையாக ஒட்டிப்போய்க் கிடந்தது. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்தினோம், மாற்றமில்லை. பக்கத்து வள்ளத்தின் டேங்கையும் குழாயையும் அப்படியே வாங்கி மாட்டினோம். ஒரு மணி நேரம் என்ஜின் குரல் இறங்கவே இல்லை.

"மக்களே, இதுக்கு நோவு ஒண்ணுமில்ல, தீனிதான் பத்தல" என்றார்.

கரைக்கு வந்து குழாயை நெடுகக் கீறிப் பார்த்தோம். உள்தோல் உரிந்து, பாம்புச் சட்டை போல மடிந்து வழியை அடைத்திருந்தது. மண்ணெண்ணெய்க்கு ஒத்துவராத குழாய் அது, போன வருடம் விலை குறைவு என்று நானே வாங்கி மாட்டியது. மெதுவாக ஓடும்போது என்ஜின் குடிப்பது கொஞ்சம், அந்த இடுக்கில் வருவது போதும். முழு வேகத்தில் அது பல மடங்கு கேட்கும், அங்கேதான் திணறுகிறது. டிரம்மில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இது தெரியாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் மண்ணெண்ணெயோடு கலந்துதான் உள்ளே போகிறது. மண்ணெண்ணெய் குறைந்தால் ஆயிலும் குறையும், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் உண்மையாகவே இறுகிப் பிடித்திருக்கும்.

புதுக் குழாயும் பந்தும் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது.

அப்புறம் அண்ணன் சிலிண்டரை மூடும் ஹெட்டையும், பிஸ்டன் தண்டு சுழலும் கிராங்க்கேஸையும் காட்டினார். போல்ட் தலைகளின் மேல் பழைய பெயின்ட் ஒரு விரிசல்கூட இல்லாமல் இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இது இரண்டையும் கழற்றாமல் பிஸ்டனை எப்படி மாற்றினார்கள்? போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். நீங்களே பெயின்ட் அடித்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பில் இல்லாததால் அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

உங்கள் என்ஜினும் பாரத்தில் சோர்ந்தால் முதலில் காதால் கேளுங்கள். சத்தம் எகிறுகிறது, வள்ளம் மட்டும் நகரவில்லை என்றால் விசிறியின் (புரொப்பல்லர்) நடு ரப்பர் வழுக்கலாம். சத்தமே இறங்கினால் மண்ணெண்ணெய் வரும் வழியைப் பாருங்கள், அடுத்த வள்ளத்து டேங்கும் குழாயும் மாட்டிப் பார்க்கச் செலவே இல்லை. அதிலும் சரியாகாவிட்டால் பிளக், காயில், கம்ப்ரஷன். பிஸ்டன் என்று யார் சொன்னாலும் உங்கள் கண்முன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலைதான். பட்டறையில் விடுவதற்கு முன் ஹெட், கிராங்க்கேஸ் போல்ட்டுகளின் மேல் நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சாமானைத் திருப்பித் தருவோம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கீறிய குழாய் என் வீட்டில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள், காட்டுகிறேன்.