நீல ஸ்பைருலினா பொடி: கடற்பாசியில் தேறியது, எலுமிச்சைச் சாற்றில் தோற்றது

ஸ்பைருலினா என்னும் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பைகோசயனின் நிறமியே இந்தப் பொடியின் நீலம்; ஸ்பைருலினாச் சாற்றை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் அனுமதித்தது. தேங்காய்ப்பால் கடற்பாசியை (அகர் அகர் கொண்டு செய்யும் இனிப்பு) காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கால் தேக்கரண்டி பொடியைக் குழைத்துச் சேர்த்தபோது, சங்குப்பூவையே கரைத்துவிட்டதைப் போன்ற நீலம் கிடைத்தது. கொதிக்கும்போதே கலந்த முதல் தட்டோ சாம்பல் பூத்துப் போயிற்று. புரதத்தோடு பிணைந்த நிறமியாதலால், 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது விரைவாகச் சிதைகிறது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பிலும் அது திரிந்து அடியில் படிந்தது. இவற்றைச் சொல்லாமல், ‘எல்லா உணவுக்கும் ஏற்றது’ என்று உறையில் அச்சிட்டிருப்பது முறையன்று. வெளிச்சத்திலும் வெளுக்கும் பொருளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். நான் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டேன்.