இருட்டு மேடைக்கு ஒளிரும் புள்ளிகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மெல்லிசைக் குழு ஒன்றில் பாஸ் கிட்டார் வாசிக்கும் நான் கடந்த ஓராண்டில் வாங்கிய பொருள்களிலேயே மிகச் சிறியதும் மிகுதியாகப் பயன்பட்டதும் எதுவென்று கேட்டால், கிட்டார் கழுத்தின் மேல்விளிம்பில் ஒட்டியிருக்கும் பச்சை நிற ஒளிரும் புள்ளிகளையே சொல்வேன். ஒவ்வொரு புள்ளியும் 3 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு தாளில் 12 புள்ளிகள் இருக்கின்றன. விலை, ஒரு செட் பாஸ் தந்திகளின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இணையத்தில் வாங்கிய இவற்றின் உறையில் தயாரித்தவர் பெயர் எதுவும் அச்சிடப்படவில்லை என்பதால், இதை ஒரு நிறுவனத்தைப் பற்றிய கருத்தாகக் கொள்ளாமல் இவ்வகைப் பொருளைப் பற்றிய கருத்தாகவே வாசகர்கள் கொள்ள வேண்டும்.

இவற்றை வாங்கத் தூண்டியது ஒரு திருவிழாக் கச்சேரி. மெல்லிய பாடல் ஒன்று தொடங்கியதும் லைட்மேன் மேடை முழுவதையும் அடர்நீலத்துக்குக் கொண்டுபோய், பாடகியின் மீது மட்டும் வெள்ளை விளக்கை நிறுத்தினார். கீழே அமர்ந்திருந்தவர்களுக்கு அது அழகான காட்சியாக இருந்திருக்கும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் பின்வரிசையில் நின்ற எனக்கு என் இடது கையே தெரியவில்லை. என்னுடையது வெளிர்நிற மேப்பிள் மரக் கழுத்தில், விரல் போக வேண்டிய இடத்தை அடையாளம் காட்டக் கறுப்புப் புள்ளி வைத்த பிரிசிஷன் வகை பாஸ் கிட்டார். வெளிச்சம் குறைந்தால் முதலில் மறைபவை அந்தக் கறுப்புப் புள்ளிகள்தாம். சரணத்துக்குள் நுழையும் இடத்தில் ஏ தந்தியின் 2-ஆம் ஃபிரெட்டிலிருந்து (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ளது ஒரு கட்டம்) 9-ஆம் ஃபிரெட்டுக்குக் கை ஏற வேண்டும். கை 8-இல் போய் நின்றது. எஃப் ஷார்ப் ஒலிக்க வேண்டிய இடத்தில் எஃப் ஒலித்தது. பாடகி பாடிக்கொண்டே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

கச்சேரி முடிந்து சாமான்களை ஏற்றும்போது குழுவை நடத்துபவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, சரணத்துக்குப் போற இடத்துல கை மாறிடுச்சா?”

“ஆமாண்ணே. புள்ளி கண்ணுக்கே தெரியல.”

“லைட்டு அப்படித்தான் இருக்கும் தம்பி. நாமதான் ஏதாவது வழி பண்ணணும்.”

அவர் சொன்னது நியாயமே. கீபோர்டு வாசிப்பவர் கை தவறி ஒரு சுரத்தைத் தொட்டால், மற்ற விரல்களின் சுரங்கள் அதை ஓரளவு மூடிவிடும். பாஸில் அப்படி மூடுவதற்கு எதுவுமில்லை. அடியில் ஒலிக்கும் அந்த ஒரே சுரம் மாறினால் மேலே சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டமான கார்டின் பொருளே மாறிவிடுகிறது, பாடுபவரின் சுருதிப் பிடிப்பும் ஆட்டம் காண்கிறது. கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பாஸை வெளியிட்டபோது, ஃபிரெட் இல்லாத, நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பாஸைப் போலன்றிச் சுரம் துல்லியமாக விழும் என்ற பொருளில்தான் அந்தப் பெயரை வைத்தார். ஆனால் ஃபிரெட்டின் துல்லியம் விரல் சரியான கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் உதவும். அந்தக் கருவியோடு நிலைபெற்ற 34 அங்குலத் தந்தி நீளத்தில் முதல் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 4.8 சென்டிமீட்டர், 12-ஆம் ஃபிரெட்டுக்கு அருகில் அது 2.5 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நான் தவறவிட்ட அந்தத் தாவல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அதில் 3 சென்டிமீட்டர் குறைந்தாலே சுரம் தப்பிவிடும்.

இளையராஜாவின் பாடல்களை மேடையில் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அவருடைய பாஸ் வரிகள் கார்டின் மூலச் சுரத்தில் உட்கார்ந்திருப்பவை அல்ல. பாட்டுக்குக் கீழே இரண்டாவது பாட்டாக நடப்பவை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாஸ் கிட்டார் கலைஞர் சசிதரன் வாசித்துத் தந்த அந்த நடையை நாங்கள் புகையும் இருளும் சூழ்ந்த மேடையில், நின்றபடி, பிசகாமல் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாராமலே வாசிக்கப் பழக வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது முற்றிலும் சரி, நானும் அப்படியே பழகியிருக்கிறேன். ஆயினும் நீண்ட தாவலுக்கு முந்திய நொடியில் போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கண் ஒருமுறை தொட்டுவிட்டால், கைக்கு ஓர் உறுதி பிறக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தப் புள்ளிகள்.

இனி பொருளுக்கு வருகிறேன். நல்ல ஒளிரும் புள்ளிகளில் இருப்பது யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்னும் சேர்மம். பழைய காலத்துத் துத்தநாக சல்ஃபைடைக் காட்டிலும் இது மிகுந்த பிரகாசத்துடன் நெடுநேரம் ஒளிரும். புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் பச்சையாகச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. பச்சை நிறத்தையே வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இருளுக்குப் பழகிய கண் மிக எளிதில் உணர்வது நீலம் கலந்த பச்சைப் பகுதியைத்தான். இந்தப் புள்ளிகளின் ஒளி அதற்கு அருகிலேயே விழுகிறது.

நான் முதலில் வேறொரு விற்பனையாளரிடம் வாங்கிய தாள் ஏமாற்றத்தையே தந்தது. வீட்டில் விளக்கை அணைத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் தெரிந்தது, பத்து நிமிடத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. வேறு சில தாள்கள் புற ஊதா விளக்கு மேலே பட்டுக்கொண்டிருக்கும்வரை மட்டுமே மின்னுபவை. இரண்டுக்கும் “இருட்டில் ஒளிரும்” என்ற ஒரே பெயரைத்தான் போடுகிறார்கள். ஆகவே வாங்கியதும் கைபேசி விளக்கை அரை நிமிடம் காட்டி, தாளை ஓர் இருட்டறையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகும் புள்ளிகள் எண்ணக்கூடிய அளவுக்குத் தெரிந்தால் மட்டும் கிட்டாரில் ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். விளிம்பில் படிந்திருக்கும் வியர்வை உப்பையும் எண்ணெயையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கிட்டாரை மடியில் கிடத்தாமல் வாரில் மாட்டி நின்றபடி முதலில் பார்த்துக்கொண்டேன். உட்கார்ந்து பார்க்கும் கோணம் வேறு, மேடையில் நின்று பார்க்கும் கோணம் வேறு என்பது அப்போதுதான் விளங்கியது. விளிம்பின் நடுவில் ஒட்டியிருந்தால் பாதிப் புள்ளி கட்டை விரலுக்குப் பின்னால் போயிருக்கும். ஆகவே தந்திகளுக்கு அடியில் விரல் அழுந்தும் பலகையான ஃபிங்கர்போர்டை ஒட்டி, சற்று மேலே வைத்து, சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பதித்தேன். 3, 5, 7, 9, 15, 17, 19 ஆகிய இடங்களில் ஒவ்வொன்றும் 12-இல் இரண்டுமாக ஒன்பது புள்ளிகள் செலவாயின. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள பழைய கருவி வைத்திருப்பவர்கள் ஆல்கஹாலையோ பசையையோ அதன் அருகில் கொண்டுபோகவே வேண்டாம். பூச்சு கெட்டால் திரும்ப வராது.

மேடையில் இவை நடந்துகொள்ளும் விதம் நான் எதிர்பார்த்ததைவிடச் சுவையானது. கச்சேரிக்கு முன் ரூபாய் நோட்டுப் பார்க்கும் சிறிய புற ஊதா டார்ச்சைக் கழுத்தின் நெடுகிலும் மெதுவாக ஒருமுறை நகர்த்துகிறேன். முதல் பதினைந்து நிமிடம் புள்ளிகள் வேண்டியதைவிடப் பிரகாசமாக இருக்கும், பிறகு விரைவாகத் தணிந்து, அதன்பின் மிக மெதுவாகவே குறையும். நீல விளக்கும் வெள்ளை விளக்கும் மேடையில் விழும் பாடல்களில் அவை தாமாகவே மீண்டும் ஒளியை நிரப்பிக்கொள்கின்றன. சிவப்பு விளக்கிலோ அது நடப்பதில்லை, சிவப்பொளிக்கு அந்தச் சேர்மத்தைத் தூண்டும் ஆற்றல் இல்லை. நான்கைந்து பாடல்கள் தொடர்ந்து சிவப்பிலும் மஞ்சளிலுமே போன ஒரு கச்சேரியில் புள்ளிகள் நன்றாக மங்கிவிட்டன, இடைவேளையில் டார்ச்சை எடுக்க வேண்டியதாயிற்று. நகரும் விளக்கு நேராகக் கண்ணில் அடித்துவிட்டுப் போனாலும் சிறிது நேரம் எதுவும் தெரியாது. அது புள்ளியின் குறையன்று, கண் மீண்டும் இருளுக்குப் பழக எடுத்துக்கொள்ளும் நேரம்.

குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. வியர்வைதான் இதன் முதல் எதிரி. சித்திரை, வைகாசித் திறந்தவெளிக் கச்சேரிகளில் முழங்கையிலிருந்து வழிந்து வரும் ஈரம் கழுத்துவரை இறங்கும். என் கட்டை விரல் அடிக்கடி மேலே எட்டிப் பார்க்கும் 5-ஆம் ஃபிரெட்டுக்கு அருகிலிருந்த புள்ளியின் ஓரம் நான்காம் மாதத்தில் தூக்கிக்கொண்டது, அதில் அழுக்கு சேர்ந்து கறுப்பு வளையமாகி, ஒரு கச்சேரியின் நடுவில் விழுந்தே போயிற்று. புள்ளியின் கனமும் விரலுக்குத் தெரிகிறது. மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் ஸ்லைடில் அந்த மேடு முதல் சில வாரங்கள் என்னை உறுத்தியது. இன்னொன்றையும் பழகிக்கொள்ள வேண்டும். புள்ளி இருப்பது கட்டத்தின் நடுவில், விரல் அழுந்த வேண்டியதோ ஃபிரெட்டுக்குச் சற்று முன்னால். புள்ளியையே குறிவைத்து அழுத்தினால் தடித்த தந்தியில் கரகரப்பு வரக்கூடும்.

இந்தத் தொல்லைகள் வேண்டாம் என்பவர்கள், விளிம்பில் துளையிட்டுப் பதிக்கும் லூமின்லே போன்ற ஒளிரும் குச்சிகளை நாடலாம். விழாது, மேடும் இருக்காது. ஆனால் நல்ல கிட்டார் பழுதுபார்ப்பவரின் கை வேண்டும், ஒருமுறை துளையிட்ட பின் மனம் மாற வழியில்லை. மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. புள்ளிகளும் உண்டு. மேடையில் இன்னொரு மின்கலத்தைப் பற்றிக் கவலைப்பட நான் விரும்பவில்லை. வலது கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசிக்கும் இடது கைக்காரர்களுக்கு மேல்விளிம்பில் புள்ளியே இருக்காது என்பதால், ஒட்டும் வகை அவர்களுக்கு இருட்டில் மட்டுமன்றிப் பகலிலும் உதவும். ஃபிரெட் இல்லாத ஃபிரெட்லெஸ் பாஸ் வாசிப்பவர்கள் கட்டத்தின் நடுவில் ஒட்டாமல், சுரம் விழும் கோட்டுக்கு நேராகவே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தாளில் எனக்கு மூன்று புள்ளிகள் மிஞ்சின. ஒன்று, விழுந்துபோன 5-ஆம் ஃபிரெட்டுக்குப் போனது. இன்னொன்றை வால்யூம் குமிழின் முழு ஒலி நிலையில் ஒட்டியிருக்கிறேன், மேடை இருண்டிருக்கும்போது குமிழ் தானாக நகர்ந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது, காலடியில் இருக்கும், சுருதி சரிபார்க்கும் டியூனர் பெடலின் ஓரத்தில் இருக்கிறது.