செம்பனைக்கு வெறுங்குலையும் நுண்ணுயிர் உரமும்: மூன்று வருடம் போட்டுப் பார்த்தது

பெஸ்தாரி ஜெயா பக்கம் (எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) எனக்கு நாலு ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. 1917-ல் மலேசியாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் வட்டாரம்தான், அப்பாவும் இங்கேதான் குலை வெட்டினார். 2022-ல் ரசாயன உரம் ஏறிய விலையில் மூட்டைக்குக் கை வைக்க முடியவில்லை, அப்போதுதான் வெறுங்குலை, நுண்ணுயிர் உரம் பக்கம் திரும்பினேன்.

முதலில் வெறுங்குலை, அதாவது ஆலையில் பழத்தை உதிர்த்தபின் மிஞ்சுவது. ஒரு டன் பழக்குலைக்கு இருநூறு கிலோவுக்கு மேல் மிஞ்சும். அதில் சாம்பல் சத்துதான் அதிகம், ஒரு டன் வெறுங்குலை சுமார் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமம். வருடத்துக்கு ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 15 டன் வரை போட்டேன். முதல் வருடம் தவறு செய்துவிட்டேன், இளங்கன்றுகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் குவித்ததில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, கிளறினால் கட்டைவிரல் பருமனில் புழுக்கள், நாலு கன்றின் குருத்தே போய்விட்டது. இப்போது வரிசைக்கு நடுவில் ஒரே அடுக்காகத்தான் பரப்புகிறேன். மட்கும்போது அது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், இலை வெளுத்தால் பயப்படாமல் மட்கிய கோழி எருவோ கொஞ்சம் யூரியாவோ சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம் மைக்கோரைசா, வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்தை இழுத்துக் கொடுக்கும் பூஞ்சை. பெரிய மரங்களுக்கு அடியில் தூவினேன், ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பூஞ்சை உயிருள்ள வேரைத் தொட்டால்தான் பிடிக்கும், மண்மேல் தூவி என்ன பயன்? போதாததற்கு, கடையில் அந்தப் பொட்டலங்களை வெயில் படும் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள், நான் வாங்கும்போதே பாதி செத்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை வேறிடத்தில் வாங்கி, செத்த கன்றுகளுக்குப் பதிலாக நட்டவற்றின் குழியில் வேரோடு ஒட்டும்படி ஒரு கைப்பிடி போட்டேன், பாஸ்பேட்டைக் குறைத்தேன். அவை நன்றாகவே எழுந்தன. இனி நடும்போது மட்டும்தான் வாங்குவேன்.

எல்லாரும் கைவிடுவது காத்திருக்க முடியாமல்தான். பக்கத்து நிலத்து மாமா எட்டாவது மாதமே, “என்ன தம்பி, குப்பையைக் கொட்டினியே, குலை எங்க?” என்றார். செம்பனையில் ஒரு பூ ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிடுகிறது, இன்று போட்ட சத்து இந்த வருடக் குலையில் எப்படி முழுசாகத் தெரியும்? எனக்கும் இரண்டாம் வருடக் கடைசி வரை மனசு கிடந்து அடித்துக்கொண்டதுதான். மாதம் 1.8 டன் வெட்டிய இடத்தில் போன வருடம் சராசரி 2.3 டன். வெறுங்குலை போடாத நாலாவது ஏக்கர் அப்படியேதான் கிடக்கிறது, அதனால் மழையின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன்.

ரசாயன உரத்தை முழுசாக விடவில்லை, பாதியாகக் குறைத்தேன், அவ்வளவுதான். இலை நுனி கொக்கி போல் வளைந்தால் போரான் குறைவு, அதற்கு போராக்ஸ் வைத்தே ஆகவேண்டும், அதை எந்த எருவும் சீக்கிரம் சரிசெய்யாது.

நாலாவது ஏக்கருக்கான சுமையை ஆகஸ்டிலேயே இறக்கிவிட்டேன், அக்டோபர் மழை பிடித்தால் எங்கள் மண்பாதையில் லோரி வராது.