வெளிர்நீலமா, இளம் ஊதாவா?

அம்மாவின் அறைச் சுவருக்குப் பெயிண்ட் நிறம் பார்க்க ஷேடு கார்டை விரித்து, கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று லேசாக ஊதா ஓடிய வெளிர்நீலம். இன்னொன்று லேசாக நீலம் ஓடிய இளம் ஊதா. கடை டியூப்லைட்டில் இரண்டும் அக்கா தங்கை போல இருந்தன. விலையிலும் வித்தியாசம் இல்லை. ஒரே வெள்ளை பேஸில் கலக்கும் சாயச் சொட்டுகள்தான் வேறு.

இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, பெரிய சார்ட் தாள்களில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்தோம். நேரே சுவரில் அடிக்கவில்லை. பழைய சுவர் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவே எந்த நீலமும் கொஞ்சம் ஊதாவாகத்தான் கண்ணுக்குப் படும். அதனால் தாளைச் சுற்றி வெள்ளை விளிம்பு விட்டு, சுவர் சுவராக மாற்றி ஒட்டிப் பார்த்தோம்.

சன்னல் மேற்குப் பார்த்தது. காலையில் நேர் வெயில் கிடையாது, அப்போது ஊதாதான் அழகு. நீலம் சற்றுச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. என் மனசு ஏறக்குறைய ஊதாவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் காவித் தரையில் விழுந்ததும் எல்லாம் மாறியது. தரையின் சிவப்பு சுவருக்கு ஏறி, ஊதா முழு ரோஸ் ஆகிவிட்டது. நீலமோ, கார்டில் நாங்கள் ஆசைப்பட்ட அந்த இளம் ஊதாவாகவே நின்றது! ஊதா வேண்டுமென்றால் இந்த அறையில் நீலத்தைத்தான் அடிக்க வேண்டும்.

இரவில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் இரண்டுக்குமே நஷ்டம்தான் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் ஓடிய வெள்ளை). ஆனால் ஊதாவுக்கு மஞ்சள் எதிர்நிறம். அது அழுக்கேறிய வெள்ளை போல மங்கியது. நீலத்தில் லேசாகப் பச்சை தட்டியது, அவ்வளவுதான். 6500 கெல்வின் வெள்ளை பல்பில் இரண்டும் பளிச்சென்று இருந்தாலும், படுக்கை அறைக்கு அந்த வெளிச்சம் எனக்கு ஒப்பவில்லை.

வடக்குச் சன்னலும் வெள்ளை டைல்ஸும் உள்ள அறை என்றால் நான் ஊதாவையே சொல்வேன். அங்கே பெரும்பாலும் நீலம் கலந்த வெளிச்சம்தான் வரும், அதில் வெளிர்நீலம் ரொம்பக் குளிர்ந்துவிடும்.

அம்மா அறைக்கு நீலம், அதிலும் கார்டில் ஒரு படி வெளிறியது. நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கும்போது நகமளவு கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். பல்பையும் 4000 கெல்வினுக்கு மாற்றியாயிற்று. திங்கட்கிழமை பெயிண்டர் வருகிறார்.