எம்.எஸ்.டபிள்யூ. சேருமுன் பீல்டு ஒர்க்கைப் பாருங்கள்

சமூகப்பணி முதுகலைப் பட்டத்தை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ.வை, தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியில் வாங்கினாலும் பாடத்தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, சமூக ஆய்வு, நல நிர்வாகம், சமூகச் செயல்பாடு. இந்த ஆறையும் நூலகத்தில் உட்கார்ந்தே படித்துவிடலாம். அப்புறம் கல்லூரிக்கு எதற்குப் பணம் கட்டுகிறோம்? வாரத்தில் 2 நாள் பீல்டு ஒர்க், அதாவது களப்பணி, என்று நம்மை வெளியே அனுப்பி, அங்கே நாம் செய்ததை அனுபவமுள்ள ஒருவர் வரிவரியாகப் படித்து, 'இதை ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்பதற்காக. அந்த 2 நாள் ஒழுங்காக நடக்கிற இடத்தில் இது அருமையான படிப்பு. நடக்காத இடத்தில் 4 செமஸ்டரும் ஒரு நீண்ட நோட்ஸ்தான்.

சேருவது கடினமில்லை. எந்தப் பாடத்தில் இளநிலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம்; சமூகப்பணி இளநிலையான பி.எஸ்.டபிள்யூ. படித்திருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா, ஸ்டெல்லா மேரிஸ், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீளம். கல்லூரியின் வயதையும் பெயரையும் மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே கல்லூரியிலேயே, களப்பணியை மேற்பார்க்கும் ஒரு சூப்பர்வைசரிடம் போன மாணவர் தேறுவார், அடுத்தவரிடம் போனவர் தேங்குவார்.

நாள் கணக்கு கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும் வரிசை ஒன்றுதான். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் பார்வையிடல்: முதியோர் இல்லம், கூர்நோக்கு இல்லம், மறுவாழ்வு மையம், அரசு மருத்துவமனை. கூடவே தெருநாடகம், பொம்மலாட்டம், விளையாட்டுகள் என்று திறன் பயிற்சி. இரண்டாவதிலிருந்து ஒரே ஏஜென்சியில், அதாவது பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தில், தொடர்ந்து வேலை. தனிநபர் பணியில் மூன்று முதல் ஐந்து கேஸ், எட்டுப் பத்து அமர்வுகள் கொண்ட ஒரு குழு, சமுதாய நிகழ்ச்சி ஒன்றோ இரண்டோ. இடையில் கிராம முகாம், கடைசியில் ஏறத்தாழ ஒரு மாதம் பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது இடைவிடாத முழுநேரப் பயிற்சி. வாரம் 2 நாள், நாளுக்கு 7 மணி நேரம், 12 வாரம் என்று போட்டால் ஒரு செமஸ்டருக்கு 168 மணி நேரம் வருகிறது. காலேஜ் டே, தேர்வு விடுமுறை, 'இன்றைக்கு மேடம் இல்லை, நாளைக்கு வாங்க' எல்லாம் கழிந்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி.

சென்னை மாணவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, மனநல அமைப்புகளான ஸ்கார்ஃப், தி பேனியன், குடிநோய்க்கு டி.டி.கே. மருத்துவமனை என்று நாடே அறிந்த இடங்கள் பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் பெரிய பெயர் கொண்ட ஏஜென்சியில் மாணவர் கூட்டமும் பெரிது. ஒரு வார்டில் நான்கு கல்லூரி மாணவர்கள் ஒரே நோயாளியிடம் அதே கேள்விகளைக் கேட்டு அவரைச் சலிப்படையச் செய்துவிடலாம். மாவட்டத் தலைநகரில், ஒரே ஒரு சமூகப் பணியாளர் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நிறுவனத்தில், மூன்றாவது வாரமே ஒரு கேஸை முழுதாகக் கையில் எடுக்க வாய்ப்பு வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டாவதே மேல், கல்லூரி சூப்பர்வைசர் நேரில் வந்து பார்ப்பவராக இருந்தால்.

ஏஜென்சியில் களப்பணி கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான். மாணவர் கணினி தெரிந்தவர். அங்கே டேட்டா என்ட்ரி குவிந்து கிடக்கிறது. ஒரு வாரம் உதவலாம், தப்பில்லை, கோப்புகளைப் படிக்கவும் அது வழிதான். நான்காவது வாரமும் எக்செல்லிலேயே இருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி எழுத்துமூலம் பணித்திட்டம் கேட்க வேண்டும்: எத்தனை கேஸ், எந்தக் குழு, எந்தத் தேதிக்குள் என்று. இன்னொரு பழுது 'அவேர்னஸ் புரோகிராம்' மோகம். பேனர், மைக், பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர், போட்டோ. களப்பணிக் குறிப்பேடான ரெக்கார்டில் பார்க்க லட்சணமாக இருக்கும். அடுத்த நாள் அந்த நூறு பேரில் ஒருவரிடமாவது போய்ப் பேசினீர்களா என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் பதில் வராது.

ரெக்கார்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படிப்பின் தரம் பளிச்சென்று தெரிவது அங்கேதான். தேதி, போன நேரம், வந்த நேரம், நோக்கம், நடந்தது, கவனித்தது, கற்றது, அடுத்த திட்டம் என்ற கட்டங்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். கட்டத்துக்குள் என்ன விழுகிறது என்பதே கேள்வி. 'கவுன்சலிங் கொடுக்கப்பட்டது. கிளையன்ட் புரிந்துகொண்டார். நன்றி தெரிவித்தார்.' இப்படி ஒரு பக்கம் எழுதியவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது என்றால் அந்தத் துறையில் யாரும் ரெக்கார்டைப் படிப்பதில்லை என்று பொருள். படிக்கிற இடத்தில் எழுத்து வேறு மாதிரி இருக்கும்: '"வீட்டுக்காரர் இப்பல்லாம் குடிக்கிறதில்ல" என்றார். சொல்லும்போது வாசலைப் பார்த்தார். நான் உடனே பையனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன்; குடிப்பேச்சைத் தொட எனக்குத் தயக்கமாக இருந்தது.' கடைசி வாக்கியம்தான் அந்த வாரத்து ஐ.சி.யில், அதாவது சூப்பர்வைசருடன் தனியே உட்காரும் அரைமணி நேரத்தில், பேசப்பட வேண்டியது. கேட்டதைக் கேட்டபடி, பேச்சு நடந்த வரிசையில், அன்றிரவே எழுத வேண்டும். நான்கு நாள் கழித்து எழுதினால் எல்லாக் கிளையன்ட்டும் ஒரே குரலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் ஆங்கிலம் ஒரு தனித் தொல்லை. கிளையன்ட் தமிழில் பேசுகிறார், ரெக்கார்டைப் பல இடங்களில் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். 'மனசே சரியில்ல', 'நெஞ்சுல பாரமா இருக்கு', 'ஒடம்பெல்லாம் எரியுது' மூன்றும் ரெக்கார்டில் 'டிப்ரஷன்' ஆகிவிடுகின்றன. மூன்றும் வேறு வேறு. உடம்பெரிச்சலைச் சர்க்கரை நோயின் நரம்புக் கோளாறா என்றுகூடப் பார்க்க வேண்டியிருக்கும். கிளையன்ட் சொன்னதைத் தமிழ் எழுத்திலேயே மேற்கோளில் போட்டு, விளக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுத அனுமதி கேளுங்கள். மறுக்கிற சூப்பர்வைசர் குறைவு. பலர் கேட்பதே இல்லை.

பாடப்புத்தகத்துக்கும் வார்டுக்கும் உள்ள தூரமும் பெரிது. ஆளைத் தனியறையில் உட்காரவைத்து ஐம்பது நிமிடம் பேசச் சொல்கிறது பாடம். அரசு மருத்துவமனையில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம். பக்கத்தில் மாமியார் பாத்திரம் விளக்கிக்கொண்டே காதைத் தீட்டியிருப்பார். அங்கே ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிற வழியில், மருந்து வரிசையில் நிற்கிற இருபது நிமிடத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும். இதை வகுப்பில் சொல்லித்தரும் ஆசிரியர் இருந்தால் அந்தத் துறையை நம்பலாம்.

சட்டம் தெரியாமல் பீல்டுக்கு அனுப்புவது மன்னிக்க முடியாத குறை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவில் குற்றம். பயிற்சி மாணவருக்கு விலக்கு கிடையாது. ஒரு குழந்தை வாய்திறந்தால் தோண்டித் துருவி மறுபடி மறுபடி கேட்கக்கூடாது. 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. சொன்னதைச் சொன்னபடி குறித்துக்கொண்டு அதே நாளில் ஏஜென்சிப் பொறுப்பாளரிடமும் கல்லூரியிலும் சொல்லி, புகார் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்ய வேண்டும். இல்லத்துக் குழந்தைகளின் முகம் தெரியும் போட்டோவை வகுப்பு வாட்ஸ்அப்பில் போடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவோடு மோதும். ரெக்கார்டில் ஒட்டும் போட்டோவுக்கும் இதே கவனம் வேண்டும்.

கிராம முகாம் வழக்கமாக ஒரு வாரம் முதல் பத்து நாள். தரையில் கோலமாவில் ஊர் வரைபடம், புளியங்கொட்டை வைத்துத் தேவைகளை வரிசைப்படுத்தல், பருவ நாட்காட்டி என்று பங்கேற்பு முறைகள் எல்லாம் செய்து பார்க்கலாம். கோடு யார் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். கோலமாவு தலைவர் வீட்டு ஆள் கைக்குப் போனால் வரைபடத்தில் கோயிலும் ரேஷன் கடையும் பெரிதாக வரும், காலனிக்குப் போகும் பாதை விட்டுப்போகும். அதனால் பெண்களோடு ஒன்று, காலனியில் ஒன்று, பெரியவர்களோடு ஒன்று என்று மூன்று வரைபடம் தனித்தனியே போட்டு ஒப்பிட வேண்டும். முகாமின் தங்குமிடமும் சாப்பாடும் ஊர்ப்பக்கம் மட்டுமே ஏற்பாடானால், காலனி மக்கள் சாயங்கால நிகழ்ச்சிக்கு வரமாட்டார்கள். வராததற்கு 'ஆர்வமின்மை' என்று அறிக்கையில் காரணம் எழுதுவது அபத்தம். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் திரும்பும் முன் கூட்டம் வைத்துவிட்டுக் காலி நாற்காலிகளை எண்ணுவதும் அதே வகை.

ஆய்வேட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. அறுபது பேரிடம் கேள்வித்தாள், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் சதவீத அட்டவணை, கறுப்பு ரெக்ஸின் பைண்டிங். முந்தைய ஆண்டுகளின் தலைப்புகளைத் துறை நூலகத்தில் ஒருமுறை பாருங்கள். 'ஐ.டி. ஊழியர்களின் மன அழுத்தம்' ஏழெட்டு இருந்தால் புரிந்துகொள்ளலாம். பீல்டு ஒர்க்கில் கண்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பத்துப் பேரிடம் ஆழமாகப் பேசிச் செய்ய விடுகிற வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பிரிவு. மனிதவளப் பிரிவில் கூட்டம் மொய்க்கும், கேம்பஸ் வேலையும் பெரும்பாலும் அங்கேதான். 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு வைத்த ஏற்பாட்டில் இந்தப் பிரிவுக்கு வேர் இருக்கிறது. கேன்டீன், டைம் ஆபீஸ், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கையோடு கற்கலாம். தொழிற்சங்க அலுவலகத்துக்கும் சில நாள் அனுப்புகிற கல்லூரி என்றால் இன்னும் நல்லது. ஹெச்.ஆர். மட்டுமே இலக்கு என்றால் எம்.பி.ஏ.வோடு ஒப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மருத்துவ, மனநலப் பிரிவில் சேருபவர்களுக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல அறிமுகக் கையேடுகள் சொல்வதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 'சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்' என்று சொல்வது, முதுகலைக்கு மேல் அந்தத் துறையில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவரை. வெறும் எம்.எஸ்.டபிள்யூ. போதாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற சில இடங்களில்தான் அதற்கு இடம். யு.ஜி.சி. பொதுவாக எம்.ஃபில்.லை நிறுத்தியபோது இதற்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்பு கொடுத்தது; அடுத்த அறிவிப்பைப் பார்த்தபின் திட்டமிடுங்கள். உறுப்புதான ஒருங்கிணைப்பாளர், மருத்துவமனை நலப்பணி, போதை மறுவாழ்வு ஆகியவற்றுக்கு எம்.எஸ்.டபிள்யூ.வோடு போகலாம்.

குழந்தைகள் நலம், சமுதாய மேம்பாடு பக்கம் போனால் சம்பளத்தைக் கண்திறந்து பார்க்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் தொகுப்பூதியம் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய். எல்லாம் ஒப்பந்தப் பணி. இரண்டாண்டுக் கட்டணத்தோடு பஸ், முகாம், பிரின்ட், பைண்டிங் செலவையும் சேர்த்து இந்தத் தொகைக்கு எதிரே வைத்துப் பாருங்கள். (பெண்களுக்கு அரசு சாதாரண நகரப் பேருந்து இலவசம் என்பது பீல்டு நாட்களில் கணிசமான மிச்சம்.) ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறவர் என்றால் இக்னோ போன்ற தொலைநிலை வழியும் உண்டு, அங்கேயும் களப்பணி கட்டாயம். வேலையில்லாமல் வீட்டிலிருந்து அதில் சேருவதைப் பரிந்துரைக்க மாட்டோம், சூப்பர்வைசரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது முதல்வரைவிட இரண்டாம் ஆண்டு மாணவரைப் பிடியுங்கள். போன செமஸ்டர் ரெக்கார்டைக் காட்டச் சொல்லுங்கள், கிளையன்ட் பெயரை மறைத்துத்தான். சிவப்பு மையில் கேள்விகள் இருக்கின்றனவா, வெறும் 'டிக்' மட்டுமா? ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்? ஐ.சி. வாரவாரம் நடக்கிறதா, வைவாவுக்கு முதல் வாரம் மொத்தமாகக் கையெழுத்தா? ஏஜென்சிக்கு யாராவது வந்து பார்த்தார்களா?

சேர்ந்தபின் ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஏஜென்சியின் லெட்டர்பேடில் நாட்கள், மொத்த மணி நேரம், செய்த பணி, மேற்பார்வையிட்டவரின் தகுதி நான்கும் குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நம் நாட்டில் சமூகப் பணியாளர் எல்லோருக்குமான உரிமப் பதிவு கிடையாது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போகிறவர்களிடம் அங்கே தகுதியை மதிப்பிடும் அல்லது பதிவு செய்யும் அமைப்புகள் மதிப்பெண்ணோடு களப்பணி விவரத்தையும் கேட்கும். அதற்குள் அந்த ஏஜென்சியில் ஆட்கள் இரண்டு தடவை மாறியிருப்பார்கள்.