காட்டுத்தன்மையைக் குறிக்கும் தொல்ஸ்லாவியச் சொல்: ஃபாஸ்மர் அகராதி எவ்வளவு உதவுகிறது?

மொழியியலாளர் மாக்ஸ் ஃபாஸ்மரின் ரஷ்யச் சொற்பிறப்பியல் அகராதி 1950களில் ஹைடெல்பெர்க் நகரிலிருந்து ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதற்காக அவர் திரட்டி வைத்திருந்த குறிப்புகள் 1944இல் பெர்லின் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், பெரும்பகுதியை மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. இன்று பலரும் கையாள்வது, ரஷ்ய மொழியியலாளர் ஒலேக் துருபச்சோவ் மொழிபெயர்த்து, தம் சேர்க்கைகளைப் பகர அடைப்புக்குள் தனியே காட்டி, 1964 முதல் 1973 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ரஷ்யப் பதிப்பையே. ஆசிரியர் எங்கே முடிகிறார், மொழிபெயர்ப்பாளர் எங்கே தொடங்குகிறார் என்பது இவ்வளவு நேர்மையாகத் தெரியும் அகராதிகள் குறைவு.

‘காட்டுத்தனமான’ என்ற பொருளுடைய ‘தீக்கி’ என்னும் ரஷ்யச் சொல்லைத் தேடினால் இந்நூலின் பலம் விளங்கும். போலிஷ், உக்ரைனிய வடிவங்களோடு, வேலையற்ற, வெறுமையான என்று பொருள்படும் லிதுவேனிய ‘தீக்கஸ்’ என்ற சொல்லையும் அது உறவாகக் காட்டுகிறது. உழுவாரின்றித் தரிசாகக் கிடக்கும் நிலம் நாளடைவில் காடாவதை எண்ணிப் பார்த்தால், வெறுமையிலிருந்து காட்டுத்தன்மைக்குப் பொருள் நகர்ந்தது இயல்பாகவே தோன்றும். போலிஷ் மொழியில் ‘ஜிக்’ என்றால் காட்டுப்பன்றி.

ஆனால் செக் ‘திவொக்கீ’, செர்பிய ‘திவ்லி’ ஆகியவை ‘திவ்’ என்ற இன்னொரு அடியைச் சேர்ந்தவை. யோவான் ஸ்நானகன் உண்ட காட்டுத்தேனைத் திருச்சபை ஸ்லாவிய (ஸ்லாவியத் திருச்சபைகளின் பழைய வழிபாட்டு மொழி) நற்செய்தி ‘மெத் திவீ’ என்றே குறிக்கிறது. இதே ஒலியில் ‘வியப்பு’ என்ற சொல்லும் இருப்பதால், ‘தேவ’ என்பதோடு இணைத்து, மனிதருக்கல்லாமல் தேவர்க்குரியது காடு என விளக்குவோரும் உண்டு. கவர்ச்சியான கருத்துதான், எனினும் லிதுவேனியச் சொல்லோடு காட்டப்படும் பால்டிக் உறவைப் போல அது என்னை நம்பவைக்கவில்லை.

அகராதியின் குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. தலைச்சொற்கள் ரஷ்யச் சொற்களாதலால், தொல்ஸ்லாவியத்தின், அதாவது ஸ்லாவிய மொழிகளின் பொது மூதாதை மொழியின், தொல்வடிவத்தைத் தேடுபவர் பக்கவழியாகத்தான் அதை அடைய முடியும். சுருக்கக் குறியீடுகளும் புதியவரை அயரவைக்கும். ரஷ்யச் சொற்களின் வரலாறு வேண்டுவோர் இதைத் தயங்காமல் வாங்கலாம். தொல்ஸ்லாவிய வடிவமே நோக்கமானால், துருபச்சோவ் பின்னர் பதிப்பித்த ஸ்லாவிய மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியின் 1978ஆம் ஆண்டு ஐந்தாம் தொகுதியை முதலில் திறப்பது நல்லது. அங்கே தொல்வடிவங்களே தலைச்சொற்கள்.